இலவச இணைப்புக்கு ஒரு கும்பிடு

யாரும் படிக்காத எழுத்தை எழுதிப் பிழைத்தவன் அவன். மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்று ஆரம்பித்து, "குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்" என்று முடியுமே, அதை எழுதுகிறவனும் ஒரு மனிதன்தான். மிக்ஸி, குளிர்பெட்டி, இஸ்திரிப் பெட்டி, சலவை இயந்திரம் என்று எதற்கும் எழுதுவான். தெரிந்தவர்கள் அவனைக் கையேட்டுக்காரன் என்றுதான் சொல்வார்கள். ஜனங்கள் பெட்டியைப் பிரித்த கையோடு தெர்மாகோலையும் கையேட்டையும் சேர்த்துக் குப்பையில் போடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. "சாமானோட வர்ற இலவச இணைப்புதானே நம்ம எழுத்து" என்று சிரிப்பான். ஆனால் தான் வாங்கும் எந்தப் பொருளின் கையேட்டையும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவான். எழுதியவன் எவனோ ஒருத்தன் கண் விழித்து எழுதியிருப்பான், நாமாவது படிப்போமே என்ற தொழில் பாசம்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிரஷ் கீழே விழுந்தது. "பிரஷ் விழுந்திடுச்சு" என்று மனைவியிடம் சொல்ல வாயைத் திறந்தான், அதுவும் ஒழுங்காக வரவில்லை. பக்கவாதம் என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தான் என்றார். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது கை மட்டும் வேண்டாத விருந்தாளி மாதிரி மடியில் கிடந்தது. நாக்கு இருந்ததே, அதுதான் பெரிய சண்டி. உள்ளே வாக்கியம் பளிச்சென்று நிற்கும், வெளியே வரும்போது குழைந்த சோறாக வரும்.

புத்தியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதனால் எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் எதைச் சொன்னாலும் "ஆமா ஆமா", "சரி சரி", "அதேதான்." பூம்பூம் மாடு தோற்றது. அப்படித் தலையாட்டியதில் முதல் பரிசு அவனுடைய அக்காவுக்குத்தான் தர வேண்டும். ஒரு மத்தியானம், மின்விசிறிக் காற்று முகத்தில் அறைகிறதே என்று, "ஃபேனைக் குறை" என்றான். அது "ஏனக் கொஅ" என்று வெளியே வந்தது. "இதோடா கண்ணு" என்று அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தான். மறுபடியும் சொன்னான். இன்னொரு தம்ளர் வந்தது. அந்த மாதங்களில் அவன் குடித்த தண்ணீரில் ஒரு தென்னை மரத்தை வளர்த்திருக்கலாம். அவனுக்குக் கோபம் வந்தால் அவர்கள் பாசத்தோடு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் விற்கவும் பழுது பார்க்கவும் கடை வைத்திருந்தாள். அந்தத் தொழிலில் அவளுக்கு ஒரு தனிக் கொள்கை உண்டு. எந்தப் புதுக் கணினியும் 'குளிக்காமல்' அவள் கடைப் படியைத் தாண்டாது. புதிதாக வரும் கணினியில், அதை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு சேர்த்து, கேட்காமலே நூறு சாமான் ஏற்றியிருப்பார்கள். ஒரு மாதம் காவல் காத்துவிட்டுப் பிறகு காசு கேட்கும் வைரஸ் காவலாளி, யாரும் ஆடாத மீன் விளையாட்டு, படத்தை அழகாக்குகிறேன் என்று ஆளையே மாற்றிவிடும் நிரல். அக்கா பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் புதிதாகப் போடுவாள். டிஸ்க்கின் ஓர் ஓரத்தில் கம்பெனிக்காரன் எல்லாவற்றுக்கும் ஒரு நகலை ஒளித்து வைத்திருப்பான், அதையும் விடமாட்டாள்.

"ஆபரேட்டிங் சிஸ்டம்ங்கறது வீடு. மத்ததெல்லாம் வீடு வாங்கறப்ப கூடவே குடி வந்த தரகனுங்க. அவனுங்களை வெளிய தள்ளிட்டுத்தான் பால் காய்ச்சணும்" என்பாள். வாடிக்கையாளர்கள் கேட்டுச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். கடைத்தெருவில் அவளுக்குக் 'குளிப்பாட்டுற அக்கா' என்றே பேர்.

அப்படிப்பட்டவளின் தம்பி வீட்டுக்கு ஒரு கணினி குளிக்காமல் வந்து சேர்ந்தது. வாங்கியவள் அவன் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். நாத்தனாரிடம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள், ஏற்கெனவே நமக்காக எவ்வளவோ செய்கிறாள் என்று நினைத்து, கடைக்குச் சொல்லாமல் வேறிடத்தில் வாங்கிவிட்டாள். அக்காவுக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. "யாருகிட்ட வாங்கினா என்ன, நல்லா இருந்தா சரி" என்று சொன்னாள். சொன்ன விதத்திலேயே தெரிந்தது, நல்லா இருக்காது என்று அவள் முடிவு கட்டிவிட்டது.

கையேட்டுக்காரன் பழக்க தோஷத்தில் பெட்டிக்குள் இருந்த தாளையெல்லாம் படித்தான். எட்டாவது பக்கத்தில், பொடி எழுத்தில், சொல்வதைக் கேட்டு எழுதும் நிரல் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது, அது உங்கள் குரலைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ளும் என்று எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். கைபேசியில் இருக்கும் அதே மாதிரி வித்தையை அவன் முன்பே முயன்று பார்த்திருந்தான். அது அவன் பேச்சைக் கேட்டுக் கந்தரகோலமாக எதையோ எழுதி, வெட்கமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

ஆனால் அது விடவில்லை. கணினியைத் திறக்கும்போதெல்லாம் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப்பார்த்தது.

"வணக்கம்! என்னோடு பேச ஐந்து நிமிடம் கிடைக்குமா?"

வேறு யாராக இருந்தாலும் சனியன் என்று மூடியிருப்பார்கள். அவனிடம் அப்படி யாரும் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. இடது கை விரலால் 'கிடைக்கும்' என்பதை அழுத்தினான். "துணிகளை நிறம் பிரித்துப் போடவும்" என்று, மனப்பாடமான பழைய வரி ஒன்றைச் சொன்னான். நிரல் சற்று நேரம் யோசித்தது. பிறகு எழுதியது:

"மன்னிக்கவும், புரியவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அந்த வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட்டது! தலையாட்டவில்லை, தண்ணீர் கொண்டுவரவில்லை. அதற்கு 'மன்னிக்கவும்' என்றே பேர் வைத்துவிட்டான். அன்று ஐந்து நிமிடம் கேட்டதற்கு அரை நாளைக் கொடுத்தான்.

அதன் பிறகு தினமும் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் 'மன்னிக்கவும்' நிரலோடு உட்கார்ந்துவிடுவான். அவன் சொல்வான், அது தப்பாக எழுதும், இடது விரலால் திருத்துவான், அது திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அவன் நாக்கு எந்த எழுத்தை விழுங்கும், எந்த எழுத்தை மாற்றும் என்று அது மெல்ல மெல்லக் கண்டுகொண்டது. ஒருநாள் ஒரு முழுப் பத்தியும் திருத்தம் இல்லாமல் வந்தது. அவன் மேசையைத் தட்டிய தட்டில் பேனாக் கிண்ணம் கவிழ்ந்தது. உடனே சலவை இயந்திரக் கம்பெனியின் மேலாளருக்கு மின்னஞ்சல் போட்டான்.

மேலாளர் பழைய பழக்கம். புது மாடல் ஒன்று வரப்போகிறது, கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "உங்க உடம்புக்குக் கஷ்டம்னா பரவாயில்லை, வேற ஆள் இருக்காங்க" என்று மரியாதையாகவும் எழுதியிருந்தார். அந்த மரியாதைதான் அவனைக் குத்தியது. இந்த ஒன்றைச் சரியாகக் கொடுத்தால் தொழில் திரும்பிவரும். கொடுக்காவிட்டால், அடுத்த முறை மேலாளர் நலம் மட்டும்தான் விசாரிப்பார். முடியும் என்று எழுதினான்.

பாதிக் கையேடு முடிந்திருந்த திங்கட்கிழமைதான் அது நடந்தது.

மனைவி விடுப்புப் போட்டுவிட்டு அவனைக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தாள். அக்காவிடம் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், மேசைமேல் திறந்து கிடந்த கணினியைப் பார்த்தாள். திரையில் வைரஸ் காவலாளி ஒரு பக்கம் கத்துகிறான், மீன் ஒரு பக்கம் நீந்துகிறது, மூலையில் ஒரு கட்டம் ஐந்து நிமிடம் கேட்கிறது. தொட்டால் தூங்கித் தூங்கி எழுகிறது கணினி. ஊருக்கெல்லாம் குளிப்பாட்டுகிறவளின் உடன்பிறந்தவன் இந்த அழுக்கிலா கிடக்க வேண்டும்? அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. பெற்ற பிள்ளையின் தலையில் பேன் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

அவள் தொழில் தெரியாதவள் இல்லை. அவன் எழுதி வைத்திருந்த பக்கங்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கணினியை உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிப்பாட்டினாள். ஒளித்து வைத்த நகல் உட்பட எல்லாம் போயிற்று. எடுத்து வைத்ததைத் திருப்பிப் போட்டாள். விசைப்பலகையைக்கூட ஈரத் துணியால் துடைத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது அக்கா முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"வாடா வாடா, இப்படி வந்து உக்காரு. பாரு எப்படிப் பறக்குதுன்னு! இந்த இலவச இணைப்புக் கழுதையெல்லாம் சுமந்துக்கிட்டு எப்படிடா வேலை செஞ்சே? இப்ப சுத்தமா ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும்தான். கண்ணாடி மாதிரி இருக்கு."

அவன் திரையைப் பார்த்தான். மூலையைப் பார்த்தான். மூலை காலியாக இருந்தது.

"மன்னிக்கவும் எங்கக்கா?" என்றான்.

"ஆமாடா கண்ணு, ஆமா" என்றாள் அக்கா. "எனக்கு எதுக்குடா நன்றி எல்லாம்?"

"மூலையில ஒண்ணு இருந்ததே, அதை என்ன பண்ணினே?"

"அதேதான். இதோ வர்றேன்" என்று அக்கா உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

அவன் அந்தத் தம்ளரைத் தட்டிவிட்டான். நோய் வந்த பிறகு அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. தம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. மனைவி ஓடிவந்தாள். அவன் இடது கையை விசைப்பலகையில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். இரண்டு பெண்களும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"நீ அழிச்சது என் வாய்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. என்ன, ஏது என்று ஒவ்வொன்றாக அவன் அடித்துச் சொல்லச் சொல்ல, அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைகளை விரித்து வைத்துக்கொண்டு, அவை யாருடைய கைகளோ என்பது போலப் பார்த்தாள். நல்லது செய்யப் போனவளுக்குத்தான் இந்த மாதிரி அடி விழும். கெட்டது செய்கிறவன் முன்னெச்சரிக்கையாக இருப்பான்.

அன்று முழுக்க அக்கா போராடினாள். அழித்ததை மீட்கும் கருவியெல்லாம் போட்டுப் பார்த்தாள். அந்த வகை டிஸ்க்கில் போனது போனதுதான். கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்த நிரலைத் தனியாகத் தருவதில்லை, கணினியோடு மட்டுமே வரும் என்றார்கள். அதே மாடலை அக்காவே தன் கடையில் எத்தனையோ பேருக்கு விற்றிருந்தாள். அவர்களிடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தாள், வைத்துவிட்டாள். எல்லாம் அவள் கையால் குளித்து முழுகிச் சுத்தமாகப் போன கணினிகள்! கடைசியில் கம்பெனிக்காரன் மனமிரங்கி, ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் பென் டிரைவைக் கூரியரில் அனுப்புவதாகச் சொன்னான். அடுத்த வாரம் வரும். நிரல் வரும், ஆனால் அவன் நாக்கைக் கற்றுக்கொண்ட காது வராது. அது பச்சைக் குழந்தையாகத்தான் வந்து சேரும். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அதுதான்.

"நான் அடிக்கறேன்டா. நீ சொல்லு, நான் டைப் அடிக்கறேன்" என்றாள் அக்கா.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு அடித்தான்: "உன்னை நம்பிக் கையேடு எழுதினா ஊரெல்லாம் வீட்டுக்குள்ள வெள்ளம் வரும்."

அழுதுகொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் இன்னும் அடித்தான்: "ஒரே நிபந்தனை. தலையாட்டக் கூடாது. புரியலன்னா புரியலன்னு சொல்லணும்."

"சத்தியமா" என்று அக்கா தலையாட்டினாள். அவன் முறைத்தான். ஆட்டிய தலையை அப்படியே பாதியில் நிறுத்தினாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் வேளை நரகம். அவன் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே ஊகித்து அடித்துவிடுவாள். "நீர்க்குழாயை இறுக்கி" என்று அவன் ஆரம்பித்தால், "இறுக்கி மூடவும், அதானே?" என்று முடித்துவிடுவாள். அவன் சொல்ல வந்தது, இறுக்கித் திருகக் கூடாது என்று. மேசையை ஓங்கித் தட்டினான். "என்னடா, சரியாத்தானே..." என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அந்த நிரல் எழுதிக் காட்டுமாமே, அதை அப்படியே கட்டைக் குரலில் சொன்னாள்:

"மன்னிக்கவும், புரியவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே ஏதோ உறைத்தது. இத்தனை மாதத்தில் தம்பியிடம் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லையே. சொன்னால் அவன் மனசு புண்படும் என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவன் முகம் புண்படவில்லை, மலர்ந்திருந்தது. இன்னொரு முறை சொன்னான். இன்னும் ஒரு முறை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கணினி ஏதாவது சத்தம் போட்டால் எங்கே கோளாறு என்று காதை வைத்துக் கேட்பாளே, அந்த மாதிரி.

அக்கா எதையும் பழுது பார்க்கத் தெரிந்தவள். எங்கே சிக்குகிறது என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. வார்த்தையின் தலையில் வரும் எழுத்தை இவன் விழுங்கிவிடுகிறான், நடுவில் வரும் 'ற' காற்றோடு போய்விடுகிறது, களைத்தால் எல்லாம் மூக்கு வழியாக வருகிறது. அவ்வளவுதான் விஷயம். இதை ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை? மறுநாள் "மன்னிக்கவும்" குறைந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் குறைந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். காற்று அதிகமாக இருந்தது, தாளெல்லாம் பறந்தது. "ஃபேனைக் குறை" என்று அவன் முனகினான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா இடது கையை நீட்டி விசிறியைக் குறைத்தாள். "ம், அடுத்து சொல்லு" என்றாள்.

அவன் குறைந்த விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வரவில்லை. அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியவில்லை. அவன் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவி நின்றது. கடவுளே, இது போதும் என்று நினைத்தான்.

அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை.

"ஏன்டா, கோளாறும் தீர்வும்னு இத்தனை பக்கம் சொல்றியே, இதையெல்லாம் யாருடா படிக்கப் போறா? நானெல்லாம் ஒருநாளும் படிச்சதில்ல."

"படிச்சிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது" என்றான் அவன். "பெட்டியோட வந்த தாள்ல எட்டாம் பக்கத்துல போட்டிருக்கு, அந்த நிரல் என்னன்னு. யாரோ ஒருத்தன் மெனக்கெட்டு எழுதியிருக்கான். நீ தாளையும் தூக்கிப் போடுவே, நிரலையும் வழிச்சுப் போடுவே. கேட்டா ஆபரேட்டிங் சிஸ்டம் போதும்பே."

நீளமான பேச்சு. ஒரு தடவைதான் சொன்னான். அக்கா விருட்டென்று திரும்பினாள்.

"ஆமாடா, நான்தான் கிறுக்கி! உன் நல்லதுக்குச் செஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும். ஒரு வார்த்தை நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, அக்கா இந்த நிரல்தான் எனக்குக் கை குடுக்குதுன்னு?"

"சொன்னா? தண்ணி கொண்டாந்திருப்பே!"

"கொண்டாந்தா குடிக்காதே! வாய் இல்லையா உனக்கு?"

"அதைத்தான் நீ அழிச்சியே!"

"அழிச்சேன்தான்! இப்ப பேசறியே, இது யாரு வாய்? சின்ன வயசுலேர்ந்து உனக்கு வாய் ஜாஸ்தி. என் சைக்கிளைக் கொண்டுபோய்ச் சாக்கடையில விட்டுட்டு, சாக்கடையைத் தப்பான இடத்துல கட்டியிருக்காங்கன்னு சொன்னவன்தானே நீ!"

"இப்பவும் சொல்றேன், தப்பான இடம்தான்! இன்னொண்ணு கேளு. என் உடம்புலயும் ஆபரேட்டிங் சிஸ்டம் சுத்தமாத்தான் இருக்கு. டாக்டரே சொல்லிட்டார். கூட வந்த கையும் நாக்கும்தான் போச்சு. வெறும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை வச்சுக்கிட்டு இத்தனை மாசமா உக்காந்திருந்தேன். அது பத்தலக்கா. பத்தவே இல்ல."

அக்கா விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். அப்போதுதான் இருவரும் வாசலைப் பார்த்தார்கள். மனைவி தோள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. கன்னமெல்லாம் ஈரம்.

"என்னம்மா ஆச்சு?" என்று அக்கா பதறி எழுந்தாள். "சும்மா பேசிட்டிருந்தோம். சண்டையெல்லாம் இல்ல."

"இல்ல அண்ணி, போடுங்க" என்றாள் அவள். "சண்டையே போடுங்க. இந்த வீட்டுல இவரோட யாரும் சண்டை போட்டு எவ்வளவு நாளாச்சு!" பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி இருந்துட்டேன். எனக்கும் கத்துக் குடுங்க."

"தெரியும்" என்றான் அவன்.

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கஷ்டப்பட்டுச் சொன்னாள்: "மன்னிக்கவும். புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் சொன்னான். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அழுகை இன்னும் அதிகமானது. அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், இந்த முறை சரியான ஆளுக்கு.

வெள்ளிக்கிழமை கையேடு போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மின்னஞ்சல் இல்லை, தொலைபேசி. அவனிடம் பேச வேண்டும் என்றார். மனைவி கைபேசியை அவன் காதில் வைத்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றார் அவர். முக்கியமாக, முதல் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருக்கிறதே, அது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றார். "புரியாவிட்டால் எங்களைக் கூப்பிட்டுப் புரியவில்லை என்று சொல்லுங்கள். அதில் தவறே இல்லை" என்ற வரி. அது அக்கா சேர்க்கச் சொன்ன வரி.

"ரொம்ப நன்றிங்க" என்றான் கையேட்டுக்காரன்.

"ஆமா ஆமா" என்றார் மேலாளர்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தான். "இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்றான், மெதுவாக. மெதுவாகச் சொன்னால் அந்நியர்களுக்கும் கொஞ்சம் பிடிபடும் என்பதை அந்த வாரம்தான் கற்றிருந்தான். மேலாளர் தயங்கி, "சொல்லுங்க சார், எனக்குச் சரியா விளங்கல" என்றார். சொன்னான். குளிர்பெட்டிக் கையேடு ஒன்று இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றான், அதையும் ஒரே ஒரு தடவைதான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கூரியர் வந்தது. அக்கா கடையிலிருந்து நேரே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இலவச இணைப்பைத் தன் கையாலேயே ஏற்றினாள். போடுவதற்கு முன்னால் பெட்டியில் வந்த தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எட்டாம் பக்கத்தைப் படித்தாள். பிறகு கேட்காமலே ஒன்பதாம் பக்கத்தையும் படித்தாள். "மீனையும் போடட்டுமாடா?" என்றாள். வேண்டாம் என்றான். மீனுக்கு அக்கா கொடுத்த தண்டனையில் அவனுக்கும் சம்மதம்தான்.

கணினி விழித்தது. திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டம், ஒன்றுமே நடக்காத மாதிரி, ஒன்றுமே தெரியாத பச்சைக் குழந்தையாக எட்டிப்பார்த்தது.

"வணக்கம்! என்னோடு பேச ஐந்து நிமிடம் கிடைக்குமா?"

கையேட்டுக்காரன் அதைப் பார்த்து, நல்ல கை ஒன்றை மட்டும் நெஞ்சுக்கு நேரே தூக்கி ஒரு கும்பிடு போட்டான். விளையாட்டு இல்லை, மனசாரப் போட்டான். பேச யாருமில்லாதபோது கேட்டது அது. புரியாதபோது புரியவில்லை என்றது அது. பிறகு மைக்குக்கு அருகில் குனிந்து சொன்னான்.

"உனக்கு நாளைக்கு நேரம் தர்றேன், ராசா. இப்ப அக்காகூடப் பேசிட்டிருக்கேன்."

நிரல் யோசித்தது. "மன்னிக்கவும், புரியவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள்."

"உனக்குப் புரியலன்னா பரவாயில்ல, எனக்குப் புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லுடா. அந்தச் சாக்கடையை எங்கதான் கட்டியிருக்கணும்ங்கறே?"